வாலாட்டமும் தாமதமும்

தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் அந்தரத்தில் நிற்கும் ஒரு சிறிய ரேடியோ ஹெலிகாப்டரின் வால், நொடிக்கு மூன்று நான்கு தடவை இடமும் வலமுமாகத் துடித்துக்கொண்டே இருக்கிறது. உண்மையில் உடல் முழுவதுமே நடு அச்சைச் சுற்றித் திரும்பித் திரும்பி ஆடுகிறது. மூக்கு அச்சுக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே தெரிவதில்லை, வாலைத் தாங்கும் நீண்ட குழாயான பூமின் நுனியில் பளிச்சென்று தெரிகிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் கிடைக்கும்: ஜைரோவின் கெயினைக் குறைத்துவிடுங்கள். குறைத்தால் ஆட்டம் பல சமயம் நின்றும் விடும். ஆனால் அந்தப் பதில் பாதிதான் சரி. வாலாட்டம் என்பது கெயின் அதிகமானதால் வரும் கோளாறு மட்டுமல்ல. திருத்தம் தாமதமாக வந்து சேர்வதால் வரும் கோளாறு. தாமதத்தைத் தேடிப் பிடித்துக் களையாமல் கெயினை மட்டும் குறைப்பது, நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மாத்திரை போடுவதுதான். இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் வால் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். பழகுபவர்கள் பலர் வாங்கும் ‘450’ அளவு ஹெலிகாப்டரில் மேல் சுழலியின் விட்டம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். அது நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றினால் இறக்கையின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் விரைகிறது. காற்றை எதிர்த்து அதைச் சுழற்றும் மோட்டார், அதே அளவு முறுக்குவிசையால் உடலை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். அதைத் தடுப்பதற்குத்தான் வாலில் சின்னச் சுழலி. இகோர் சிகோர்ஸ்கி 1939இல் அமெரிக்காவில் விஎஸ்-300 ஹெலிகாப்டரை எழுப்பியபோது நிலைநாட்டிய அதே அமைப்புதான் இது. மேல் சுழலியின் அச்சிலிருந்து ஒரு பெல்ட், பூமின் உள்ளே ஓடி, வால் சுழலியை நான்கு மடங்குக்கும் சற்று அதிகமான வேகத்தில், அதாவது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல், சுழற்றுகிறது. வால் இறக்கைகளின் சாய்வை ஒரு சர்வோ கூட்டிக் குறைத்துத் தேவையான விசையைக் கொடுக்கிறது. சிரமம் என்னவென்றால், மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் காற்று அடிக்கும்போதும் முறுக்குவிசை மாறிக்கொண்டே இருக்கும். ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970இல் ரேடியோ ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டுக் காட்டிய காலத்தில் இந்த மாற்றங்களையெல்லாம் பறக்கவிடுபவரின் கட்டைவிரல்தான் சமாளித்தது. இன்று ஜைரோ சமாளிக்கிறது. உடல் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை அது அளக்கிறது. திரும்பும் வேகத்துக்கு ஏற்ற எதிர்விசையைச் சர்வோவிடம் கேட்கிறது. எவ்வளவு திருப்பத்துக்கு எவ்வளவு எதிர்விசை என்ற விகிதமே கெயின்.

ஆக, இது ஒரு வட்டம். ஜைரோ அளக்கிறது, சர்வோ நகர்கிறது, அதன் கை புஷ்ராடைத் தள்ளுகிறது, புஷ்ராடு வால் அச்சின் மேல் இருக்கும் ஸ்லைடரை நகர்த்துகிறது, ஸ்லைடர் இறக்கையின் சாய்வை மாற்றுகிறது, உடல் திரும்புவது மாறுகிறது, ஜைரோ மறுபடி அளக்கிறது. இந்த வட்டத்தில் ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் நேரம் எடுக்கும். சைக்கிள் புதிதாகப் பழகுபவர் சாய்ந்ததை உணர்ந்து ஹேண்டிலைத் திருப்புவதற்குள் சைக்கிள் வேறு நிலைக்குப் போய்விடுவதும், அவர் கொடுத்த திருப்பமே அடுத்த சாய்வுக்குக் காரணமாவதும் நாம் பார்த்ததுதான். வாலில் நடப்பதும் அதுவே. ஆனால் இங்கே கணக்குப் போட்டே காட்டலாம். வால் வலப்புறம் மிக வேகமாகப் போகும் கணத்தில் ஜைரோ மிகப் பெரிய இடப்புற விசையைக் கேட்கிறது. அந்த விசை உடனே வந்தால் வால் அடங்கும். ஓர் ஆட்டத்தின் கால் பங்கு நேரம் கழித்து வந்தால்? அதற்குள் வால் வலது ஓரத்தின் எல்லைக்குப் போய் ஒரு கணம் நின்றிருக்கும். இப்போது வந்து சேரும் இடப்புற விசை அடக்குவதில்லை, மறுபக்கம் தள்ளிவிடுகிறது. இடது ஓரத்திலும் இதே கதை. தணிக்க அனுப்பிய விசையே ஆட்டத்தை நடத்தத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, கெயின் எல்லையைத் தொடும்போது ஓர் ஆட்டத்தின் நேரம், வட்டத்தின் மொத்தத் தாமதத்தைப்போல ஏறக்குறைய நான்கு மடங்காக இருக்கும். தாமதம் 0.05 நொடி என்றால் ஆட்டம் நொடிக்கு ஐந்து, 0.1 நொடி என்றால் நொடிக்கு இரண்டரை. இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் வருகிறது: தாமதம் பாதியானால், ஆட்டம் வராமல் தாங்கக்கூடிய கெயின் இரு மடங்காகும். என் வாதத்தின் முதுகெலும்பு இந்த வரிதான். எந்தக் கெயினில் ஆட்டம் தொடங்குகிறது என்பது ஜைரோவின் குணத்தைவிட, அதற்குப் பின்னால் இருக்கும் எந்திரத்தின் ஆரோக்கியத்தையே காட்டுகிறது.

இதற்கு நல்ல சாட்சி, பெல்ட் இல்லாமல் வாலுக்கெனத் தனிச் சிறு மோட்டார் வைத்த குட்டி ஹெலிகாப்டர்களில் கிடைக்கிறது. அவற்றில் இறக்கையின் சாய்வு மாறாது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் விசை மாற்றப்படுகிறது. பிரஷ் வைத்த அந்த மோட்டார் தேயத் தேய, கேட்ட வேகத்தை எட்ட அதிக நேரம் எடுக்கிறது. வாங்கிய புதிதில் அசையாமல் நின்ற வால் சில வாரங்களில் ஆடத் தொடங்குகிறது. இடையில் யாரும் கெயினைத் தொடவில்லை. வட்டத்தில் மாறியது மோட்டாரின் சுறுசுறுப்பு மட்டுமே. புது மோட்டார் போட்டால் அதே கெயினில் ஆட்டம் நின்றுவிடுகிறது. கெயின் மட்டுமே குற்றவாளி என்றால் இது நடக்கக் கூடாது.

சரி, தாமதம் எங்கே ஒளிந்திருக்கிறது? பலரும் முதலில் சந்தேகப்படுவது சர்வோவின் வேகத்தை. மலிவான சிறு அனலாக் சர்வோ 60 டிகிரி திரும்ப 0.1 நொடிக்குச் சற்று மேல் எடுக்கும். வாலுக்கென்றே செய்த டிஜிட்டல் சர்வோ அதில் பாதி. ஆனால் ஜைரோ கேட்கும் சிறு திருத்தங்கள் 60 டிகிரி அல்ல, நான்கைந்து டிகிரிதான். மெதுவான சர்வோவுக்கும் அதற்கு 0.01 நொடி போதும். அதைவிடப் பெரிய இழப்பு, அனலாக் சர்வோவுக்குக் கட்டளை நொடிக்கு 50 தடவைதான் போகிறது என்பது. அடுத்த கட்டளைக்கு 0.02 நொடி வரை காத்திருக்க நேரும். டிஜிட்டல் சர்வோவுக்கு நொடிக்கு 300 தடவைக்கு மேல்கூட அனுப்பலாம். (அந்த வேகத்தில் அனலாக் சர்வோவுக்கு அனுப்பினால் அது சூடேறிக் கருகிவிடும், ஜைரோவில் இதற்கென இருக்கும் சுவிட்சைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.) இவை காகிதத்தில் அச்சான எண்கள்; கடையில் வாங்கும்போதே தெரிந்துவிடும். அச்சில் வராத தாமதம்தான் மோசமானது. அது இரண்டு வகை: இறுக்கமும் தளர்ச்சியும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்லைடரிலிருந்து புஷ்ராடின் பால் லிங்க்கை மெல்லப் பிடுங்கி எடுங்கள். ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்து வால் அச்சைச் செங்குத்தாக நிறுத்தினால், ஸ்லைடர் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். மறுபக்கம் சாய்த்தால் திரும்பி வர வேண்டும். நடுவில் எங்காவது நின்று, விரலால் தட்டினால்தான் நகர்கிறது என்றால் அங்கே ஒரு பிடிப்பு இருக்கிறது: அச்சில் படிந்த பசைத்தூசி, கீழே விழுந்தபோது தலைமுடி அளவு வளைந்த அச்சு, அல்லது இறக்கைப் பிடியின் இணைப்பில் அளவுக்கு மீறி முடுக்கிய திருகு. அடுத்து பால் லிங்க். புது பிளாஸ்டிக் லிங்க் உலோகக் குண்டை அநேகமாக இறுக்கிப் பிடித்திருக்கும். குண்டின் மேல் அதைச் சுழற்றும்போது விரலுக்கு எதிர்ப்பு தெரியக் கூடாது. பிறகு பூமின் மேல் புஷ்ராடு நுழைந்து போகும் வளையங்கள். அவற்றில் ஒன்று கொஞ்சம் திரும்பியிருந்தாலும் ராடு உரசும். வளையங்களுக்கு இடையே தூரம் அதிகமானால் ராடு தள்ளும்போது வில்லாக வளைந்து, சர்வோவின் நகர்வில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். கடைசியாகத் தளர்ச்சி: லிங்க்கைத் திரும்ப மாட்டிவிட்டு, ஒரு கையால் சர்வோவின் கையை அசையாமல் பிடித்து, மறு கையால் ஸ்லைடரை ஆட்டிப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் ஆடினால் ‘இதெல்லாம் ஒரு ஆட்டமா’ என்று தோன்றும். ஆனால் குண்டு 10 மில்லிமீட்டர் தூரத்தில் பொருத்தப்பட்ட சர்வோ கையில் அரை மில்லிமீட்டர் என்பது கிட்டத்தட்ட 3 டிகிரி. ஜைரோ கேட்கும் நான்கைந்து டிகிரித் திருத்தத்தில் பாதிக்கு மேல் வாலுக்குப் போய்ச் சேரவே இல்லை.

இறுக்கம் ஏன் இத்தனை கெடுதல் என்பதற்கு ஹெடிங் ஹோல்டு முறையைப் பார்க்க வேண்டும். சாதாரண முறையில், அதாவது ரேட் மோடில், ஜைரோ திரும்பும் வேகத்தை மட்டும் எதிர்க்கிறது. ஹெடிங் ஹோல்டில் அது இதுவரை எவ்வளவு திரும்பியது என்று கூட்டிக்கொண்டே வந்து, பழைய திசைக்கே வாலைத் திருப்பிக் கொண்டுவரப் பார்க்கிறது. கப்பல் ஓட்டுநர்கள் சுக்கானைத் திருப்பும் விதத்தைக் கணிதமாக்கிய நிக்கோலாய் மினோர்ஸ்கி 1922இலேயே இந்த இரண்டு அளவுகளையும் பிரித்துக் காட்டியிருந்தார். இப்போது ஸ்லைடர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று வையுங்கள். வால் இரண்டு டிகிரி விலகியிருக்கிறது. ஜைரோ கூட்டிக்கொண்டே போகிறது, சர்வோ மேலும் மேலும் தள்ளுகிறது, புஷ்ராடு வளைகிறது, திடீரென்று பிடி விட்டு ஸ்லைடர் குதிக்கிறது. தேவைக்கு மேல் விசை கிடைத்து வால் மறுபக்கம் தாண்டிவிடுகிறது. அங்கேயும் அதே கதை. இதன் அடையாளம், நொடிக்கு ஒன்று இரண்டு என்ற மெதுவான, சோம்பலான ஆட்டம். கெயினைக் குறைத்தால் இது நிற்காது. இன்னும் மெதுவாகும், அவ்வளவுதான். இங்கேதான் நல்ல சோதனை ஒன்று இருக்கிறது: ரேட் மோடுக்கு மாற்றிப் பறக்கவிட்டால் மெதுவான ஆட்டம் மறைந்துவிட்டது என்றால், கெயினை விட்டுவிட்டு இணைப்புகளைப் பார்க்க வேண்டும். வேகமாகத் துடிக்கும் ஆட்டம், கெயினை ஒரு படி குறைத்ததும் முற்றிலும் நின்றுவிட்டது என்றால் மட்டுமே கெயினைச் சந்தேகிக்கலாம்.

இந்த இடத்தில் படித்தவர்கள் ஓர் ஆட்சேபம் எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும். உராய்வு ஆட்டத்தைத் தணிக்கும் என்றல்லவா பள்ளியில் படித்தோம்? வரலாறும் அவர்கள் பக்கம் இருப்பதுபோல் தெரிகிறது. நீராவி எந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை 19ஆம் நூற்றாண்டில் நுட்பமாகக் கடைந்து உராய்வைக் குறைத்தபோது, அது முன்னைவிட மோசமாக ஏறி இறங்கி ஊசலாடியது. கிரீன்விச் வான் ஆய்வகத்தின் தலைவர் ஜார்ஜ் ஏரி, தொலைநோக்கியை விண்மீனோடு சேர்ந்து நகர்த்தும் பொறியில் இதே தொல்லையைக் கண்டு 1840இல் அதை ஆராய்ந்தார். ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868இல் கவர்னர்களைப் பற்றி எழுதிய கட்டுரை, ஊசலாட்டம் எப்போது அடங்கும், எப்போது பெருகும் என்பதற்குச் சமன்பாட்டு விடை கொடுத்தது. உராய்வு அங்கே உதவியிருக்கும்போது இங்கே மட்டும் ஏன் எதிரி? இரண்டு வித்தியாசங்கள். ஒன்று, வேகத்துக்கு ஏற்பக் கூடும் எதிர்ப்பு வேறு. நிற்கும்போது பற்றிக்கொண்டு நகர்ந்ததும் விட்டுவிடும் ஒட்டல் வேறு. முன்னது எந்த வேகத்திலும் ஆற்றலை உறிஞ்சுகிறது. பின்னது சிறு திருத்தங்களை முழுவதும் தடுத்து, பெரிய திருத்தத்தைக் குதிக்க விடுகிறது. மற்றது, அந்த எதிர்ப்பு எங்கே இருக்கிறது என்பது. ஆடும் உடலின் மேல் இருந்தால் நன்மை; வால் சுழலி காற்றில் பக்கவாட்டாக நகரும்போது அதற்குக் கிடைக்கும் எதிர்ப்பு அப்படிப்பட்டது. திருத்தம் பயணிக்கும் பாதையில் இருந்தால் அது வெறும் தாமதம். ஆகவே, ‘லிங்க் கொஞ்சம் இறுக்கமாக இருப்பது நல்லதுதான், ஆட்டத்தைப் பிடிக்கும்’ என்று சிலர் தரும் யோசனையை ஏற்க முடியாது.

இன்னோர் ஆட்சேபமும் உண்டு: ‘எந்திரம் சுத்தமாகத்தான் இருக்கிறது. அந்தரத்தில் நிற்கும்போது வால் அசைவதில்லை. வேகத்தைக் கூட்டினால் மட்டும் ஆடுகிறது. அப்படியானால் தாமதம் திடீரென்று எங்கிருந்து வந்தது?’ தாமதம் மாறவில்லை. வட்டத்தின் மொத்த வலு மாறிவிட்டது. சுழலியின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மேல் சுழலியின் வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் பெல்ட்டால் இணைந்த வால் சுழலியும் 10 சதவீதம் கூடும். இறக்கையின் ஒவ்வொரு டிகிரிச் சாய்வும் 21 சதவீதம் அதிக விசை தரும். திரையில் தெரியும் கெயின் எண் அப்படியே இருக்கிறது. வால் உணரும் கெயின் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்துவிட்டது. சர்வோ கையில் குண்டை வெளித் துளைக்கு மாற்றினாலும் இதே விளைவுதான். அதோடு தளர்ச்சியின் டிகிரிக் கணக்கும் மாறும். உள் துளைக்கு மாற்றினால் நகர்வு நுணுக்கமாகும், ஆனால் வீச்சு குறையும். ரேடியோவில் ஒவ்வொரு பறக்கும் நிலைக்கும் தனிக் கெயின் வைக்க வசதி கொடுத்திருப்பது இதனால்தான். கெயின் என்பது ஜைரோவின் தனிச் சொத்து அல்ல, வட்டம் முழுவதன் பெருக்கல் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடுகிறது.

எல்லா ஆட்டமும் இந்த வட்டத்தில் பிறப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணால் எண்ணக்கூடிய ஆட்டம் ஒன்று. எண்ண முடியாதபடி பூமின் நுனியும் வால் துடுப்பும் மங்கலாகத் தெரிவது வேறொன்று. நிமிடத்துக்கு 2,500 சுற்று என்பது நொடிக்கு 40க்கு மேல். வால் சுழலியோ நொடிக்கு 170க்கு மேல். இந்த வேகத்தில் எந்தச் சர்வோவும் ஆடாது. ஆகவே மங்கலாகத் தெரிவது அதிர்வு: எடை ஒத்துவராத வால் இறக்கைகள், வளைந்த அச்சு, தேய்ந்த பேரிங். வால் இறக்கையைப் பிடிக்கும் போல்ட்டை அளவுக்கு மீறி முடுக்கினாலும் இது வரும். சுழலும்போது இறக்கை தானாக நேராகும் அளவுக்கு அது விட்டிருக்க வேண்டும். அதிர்வு ஜைரோவைக் குழப்பி வட்டத்துக்குள் நுழைவதால், எண்ணக்கூடிய ஆட்டத்தையும் கொண்டுவரும். அதற்குப் பயந்து ஜைரோவின் அடியில் தடிமனான மெத்தென்ற ஒட்டுப்பட்டையை அடுக்கடுக்காக ஒட்டினால், உடல் திரும்பி முடிந்த பிறகுதான் ஜைரோ திரும்பும். இன்னொரு தாமதத்தை நாமே சேர்த்துவிடுகிறோம். அதிர்வைப் பிறந்த இடத்தில் நிறுத்துவதே வழி. மூன்றாவது வகையைக் காது காட்டிக்கொடுக்கும். மோட்டாரின் ஒலி வாலோடு சேர்ந்து ஏறி இறங்கினால், வேகத்தை ஒரே சீராக வைக்க முயலும் கவர்னர்தான் ஊசலாடுகிறது. முறுக்குவிசை மாறுவதால் வால் அதன் பின்னால் ஓடுகிறது. அப்போது ஜைரோவில் கை வைப்பது வீண் வேலை.

‘நல்ல ஜைரோ வாங்கிவிட்டால் தீர்ந்தது’ என்பது கடைக்காரர்களுக்குப் பிடித்த பதில். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிய ஜைரோவும் வேகமான டிஜிட்டல் சர்வோவும் சேர்ந்து நிஜமாகவே தாமதத்தைக் குறைக்கும்; அனலாக் சர்வோவோடு எட்ட முடியாத பிடிப்பை எட்டலாம். ஆனால் ஒட்டிக்கொள்ளும் ஸ்லைடருக்கு முன்னால் விலை உயர்ந்த சர்வோவும் காத்துத்தான் நிற்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தளர்ச்சி யாருடைய சர்வோ என்று பார்ப்பதில்லை. பழகுபவரின் பணம் பெரும்பாலும் முதலில் இங்கேதான் வீணாகிறது என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அரை மணி நேரச் சோதனையும் ஒரு பொட்டலம் புது பால் லிங்க்கும் செய்யும் வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். கெயினைக் குறைத்துவிட்டுப் பறப்பவர்களின் இழப்பு வேறு வகை. ஆடாத வால் பிடிப்புள்ள வால் என்று அர்த்தமில்லை. பக்கக் காற்றில் மூக்கு மெல்ல இழுபடும். திடீரென்று ஏற்றினால் வால் உதறும். அந்தரத்தில் நிறுத்தப் பழகும் நேரத்தில் இந்த உதறல்தான் ஹெலிகாப்டரைக் கீழே போடுகிறது.

இணைப்புகள் சரியானதும் முதலில் ரேட் மோடில், ரேடியோவின் ட்ரிம்மைத் தொடாமல், புஷ்ராடின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து வால் தானாக எந்தப் பக்கமும் நகராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெடிங் ஹோல்டு இந்தக் கோணலை மறைத்துவிடும் என்பதால் இதை அங்கே செய்ய முடியாது. பூமின் பின்முனையில் பெல்ட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இரு பக்கமும் ஒன்றையொன்று தொட்டால் தொளதொளப்பு, அசையவே மறுத்தால் பேரிங்குக்கு ஆபத்து. அதன் பிறகே ஹெடிங் ஹோல்டுக்கு மாற்றி, பறக்கப்போகும் மிக உயர்ந்த சுழலி வேகத்தில் கெயினைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். வால் விறைப்பாகி, ஒரு படியில் வேகமான சிறு துடிப்பு தொடங்கும். அங்கிருந்து இரண்டு மூன்று படி இறங்கி நிறுத்திக்கொண்டு, அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். சில மாதங்கள் கழித்து அதே எண்ணில் வால் ஆடினால் கெயினைக் குறைக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி ஸ்லைடரைச் சாய்த்துப் பாருங்கள்.